கண் படும் இடத்தில் நிறம்

வணக்கம்.

என் அலமாரியைத் திறந்தால் கறுப்பு, சாம்பல், கருநீலம், மறுபடியும் கறுப்பு. இருபது வருட அலுவலக வாழ்க்கை அப்படிப் பழக்கிவிட்டது. காலையில் உடுத்தும்போதே சலிப்பாக இருக்கிறது. போன மாதம் துணிந்து பளீர் மஞ்சளில் ஒரு காட்டன் சட்டை வாங்கினேன். கடைக் கண்ணாடி முன் நின்றபோது மனசு துள்ளியது. வீட்டில் போட்டுப் பார்த்தால் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போலிருக்கிறேன். கருநீலப் பேன்ட்டோடு சேர்த்தால் உடம்பை இரண்டாக வெட்டினாற்போல் தெரிகிறது. எனக்கு நிறங்களே ஒத்துவராதா? எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கண்ணாடி முன் மனசு துள்ளியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நம்புங்கள். மஞ்சள் உங்களுக்குப் பிடித்த நிறம். அதை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல்.

முதலில் காய்ச்சல் முகம். கழுத்தை ஒட்டியிருக்கும் துணி, தன்மேல் விழும் வெளிச்சத்தைத் தாடைக்கு அடியிலும் கன்னத்திலும் திருப்பி அடிக்கிறது. பளீர் மஞ்சள் நிறையவே திருப்பி அடிக்கும். அந்தச் சாயை தோல்மேல் படிகிறது. கடையில் அது தெரியாமல் போனதற்கு விளக்கு காரணமாக இருக்கலாம். 2700–3000 கெல்வின் (வெளிச்சத்தின் சாயலைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) மஞ்சள் விளக்கில் தோல், துணி, சுவர் எல்லாமே ஒரே சாயலில் நனைந்திருக்கும். கண்ணும் அதற்குப் பழகிவிடும். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் 5000 கெல்வினுக்கு மேல். அங்கேதான் உண்மை தெரியும். எந்தத் துணியையும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, விளக்கில் ஒருமுறை பாருங்கள். கடையில் அச்சாகப் பொருந்திய இரண்டு கறுப்புகளில் ஒன்று வெளியே வந்ததும் பழுப்படிப்பதும் இதனால்தான். இரண்டும் வேறு வேறு சாயக் கலவை. ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துவிடும்.

அடுத்தது, இரண்டாக வெட்டினாற்போல் தெரிவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், நிறத்தைக் கையாளும் வித்தையில் பாதி இதில் இருக்கிறது. நிறம் என்றதும் நாம் சிவப்பா நீலமா என்று மட்டும் யோசிக்கிறோம். ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-இல் நிறத்தை மூன்று அளவுகளாகப் பிரித்துக் காட்டினார்: எந்த நிறம், எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு செறிவு, அதாவது சாம்பல் கலக்காத பளிச்சு. மஞ்சள் வெளிராக இருக்கும்போதுதான் உச்சச் செறிவில் இருக்கும். அடர்த்தியாக்கினால் கடுகு நிறமாகவோ ஆலிவாகவோ மாறிவிடும். நீலமும் ஊதாவும் இதற்கு நேர் எதிர், அடர்த்தியில்தான் அவற்றின் உச்சம். ஆகவே பளீர் மஞ்சளும் கருநீலமும் சேரும்போது வெளிர்–அடர் இடைவெளி ஏறக்குறைய வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள அளவுக்குப் போய்விடுகிறது. பார்க்கிறவர் கண் நேராக இடுப்புக் கோட்டில் போய் நிற்கும். உடுத்தியபின் கைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், இடைவெளி அப்பட்டமாகத் தெரியும். கருநீலத்தோடு கடுகு மஞ்சள், மயில்நீலம், செங்கல் சிவப்பு போன்ற நடுத்தர அடர்த்தி சேரும். பளீர் மஞ்சளுக்கு வெளிர் சாம்பல் பேன்ட் சேரும்.

ஏற்கெனவே இருக்கும் துணிகள் பற்றியும் ஒன்று. பாரிஸின் கோப்லான் திரைச்சீலை ஆலையில், நீல, ஊதா நூல்களுக்குப் பக்கத்தில் நெய்த கறுப்பு சோகையாகத் தெரிகிறது என்று புகார் எழுந்தது. சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரூல் சோதித்துப் பார்த்தார். கறுப்புச் சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் அதை வாட வைக்கிறது என்று கண்டுகொண்டு, 1839-இல் விரிவாக வெளியிட்டார். நீங்கள் கறுப்பையும் கருநீலத்தையும் சேர்த்துப் போடும் நாட்களில் உணரும் சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். அந்த ஜோடியைப் பிரித்துவிடுங்கள்.

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. ஒரு நாளில் உங்கள் காலரை நீங்கள் எத்தனை முறை பார்க்கிறீர்கள்? கண்ணாடி முன் நிற்கும்போது மட்டும்தான். வேலை நேரம் முழுக்க உங்கள் கண்முன் இருப்பவை முன்கை, மணிக்கட்டு, மடி, பை, பேனா. உங்கள் சந்தோஷத்துக்கான நிறம் அங்கே இருக்க வேண்டும். கடிகாரப் பட்டை, மடித்துவிட்ட சட்டைக் கையின் உட்புறம், பையின் உள் லைனிங், காலுறை. இவற்றில் எவ்வளவு பளீரென்று இருந்தாலும் முகத்தைத் தொடாது. அலுவலகத்தில் யாரும் புருவம் உயர்த்தவும் மாட்டார்கள். ஒரே நிறம் இரண்டு இடத்தில் வரட்டும், காலணியிலும் காதணியிலும் போல. ஓரிடத்தில் மட்டும் இருந்தால் தற்செயல் போலிருக்கும். நான்கு இடத்தில் அச்சாகப் பொருந்தினால் சீருடை ஆகிவிடும். உங்கள் கருநீலமும் புது நிறமும் சேர்ந்த அச்சுத் துணி ஒன்று வாங்கினால், அதுவே இரண்டையும் இணைத்துவிடும்.

கழுத்தருகே வைக்கும் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை போதும். ஒப்பனை இல்லாமல், நேர்வெயில் படாத ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். உடைமேல் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, வீட்டிலுள்ள துண்டு, போர்வை, பழைய சட்டை என்று பதினைந்து நிறங்களைத் தாடைக்குக் கீழே ஒவ்வொன்றாக வையுங்கள். துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே நிழல் கூடுகிறதா, உதடு வெளுக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அந்த நிறம் காலருக்கு வரலாம். தோல், கூந்தல் நிறத்தை வைத்து நீங்கள் வசந்தகால வகை, இலையுதிர்கால வகை என்று பிரித்து, அதற்கேற்ற நிறங்களைச் சொல்லும் பட்டியல்களுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, நீலம் என்றால் அமைதி என்ற அட்டவணைகளையும் ஒதுக்கிவிடுங்கள். வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த நிறம் என்பதைவிட அதன் வெளிர்–அடர் அளவும் செறிவும்தான் மனநிலையோடு அதிகம் தொடர்புகொண்டிருந்தன.

அந்தச் சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே நீலச் சாயம் ஏற்றினால் பச்சையாகிவிடும். அடர்த்தி கூடுவதால் கருநீலத்தோடும் இணங்கும். முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நின்றால் ஏதோ பூச்சு கொடுத்த துணி, சாயம் சரியாக ஏறாது. உறிஞ்சினால் நல்லது. சட்டை 250 கிராம் எடை என்றால், பருத்திக்கான ரியாக்டிவ் நீலச் சாயம் 2.5 கிராம், 40 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர் 5 லிட்டர், உப்பு 250 கிராம், சாயத்தை நூலில் பிடிக்கவைக்கும் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 50 கிராம். சாயப் பொடி மூச்சில் போகக்கூடாது, முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். சமையல் பாத்திரம் வேண்டாம். சட்டையைத் துவைத்து ஈரமாகவே சாயமும் உப்பும் கரைந்த தண்ணீரில் போட்டு 20 நிமிடம் கிளறுங்கள். சோடா ஆஷைத் தனியாகக் கரைத்து, துணியை ஒதுக்கிவிட்டு, மூன்று தவணையாக ஊற்றுங்கள். நேராகத் துணிமேல் ஊற்றினால் திட்டுத்திட்டாகிவிடும். பிறகு ஒரு மணி நேரம் அடிக்கடி கிளறி, குளிர்ந்த தண்ணீரிலும் அப்புறம் சூடான தண்ணீரிலும் நிறம் கழிவது நிற்கும் வரை அலசுங்கள். அலசலில் சோம்பல்பட்டால் பின்னால் மற்ற துணிகளில் ஒட்டும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள், அந்த வேலையை இந்த அலசல்தான் செய்கிறது.

தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும். அதில் இந்தச் சாயம் ஏறாது. சட்டை பச்சையான பிறகும் கையின் விளிம்பில், உங்கள் மணிக்கட்டைச் சுற்றி, ஒரு மஞ்சள் கோடு அப்படியே நிற்கும்.

அன்புடன்.