கண் எடுத்த குழியில் செயற்கைக் கண் நிற்கவில்லை. மறுபடி ஆபரேஷன் செய்தால் பலன் இருக்குமா?

இருக்கும். ஆனால் முதலில், புதுப்புது செயற்கைக் கண்ணாக வாங்கிப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். சிறு வயதில் கண்ணை எடுத்தார்கள், இப்போது தும்மினால்கூடச் செயற்கைக் கண் கழன்று விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் தம்பிக்கும் இதே கதைதான். கிட்டிப்புள் பட்டு இடது கண் போனது. வளர வளர எந்தக் கண்ணும் நிற்கவில்லை. கோளாறு கண்ணில் இல்லை, குழியில்!

கண் உருண்டை சுமார் 7 மி.லி. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்கும்போதே 18 முதல் 22 மி.மீ. வரை குறுக்களவுள்ள உருண்டை ஒன்றைப் பெரும்பாலும் உள்ளே வைத்துவிடுவார்கள். இம்ப்ளான்ட் என்பது இதைத்தான். தம்பிக்கு அது வைக்கவில்லை. மேல் இமைக்கு மேலே பள்ளம் விழுந்தது. அதை மறைக்கத் தடிமனான செயற்கைக் கண் செய்து போட்டார்கள். அந்தப் பாரம் முழுக்கக் கீழிமையில் இறங்கி, இமை தொங்கிவிட்டது. கீழிமைக்குப் பின்னால் சட்டைப்பை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். செயற்கைக் கண்ணின் கீழ் விளிம்பு அதில்தான் உட்கார வேண்டும். உள்சவ்வு சுருங்கி அந்த மடிப்பே தூர்ந்துபோனால் எவ்வளவு அழகான கண்ணும் வழுக்கிக்கொண்டுதான் வரும்.

இதைச் சரிசெய்பவர் ஆக்குலோபிளாஸ்டி சர்ஜன், அதாவது இமை, கண்குழி ஆபரேஷன்களில் தேர்ந்த கண் டாக்டர். எல்லாக் கண் டாக்டரும் இதைச் செய்வதில்லை, விசாரித்துப் போங்கள். தம்பிக்குக் கீழுதட்டின் உட்புறத்திலிருந்து ஈரமான சவ்வை எடுத்துக் குழிக்குள் ஒட்டுப்போட்டார்கள். வெளித்தோலை வைத்தால் உள்ளே உரிந்து கசியும், நாற்றம் வரும் என்பதால்தான் வாயிலிருந்து எடுக்கிறார்கள். பிறகு சுருங்கும் என்று தேவைக்கு மேல் பெரிதாகவே எடுப்பார்கள். மடிப்பு மூடிக்கொள்ளாமல் இருக்க, கன்ஃபார்மர் என்ற ஓடு போன்ற பிளாஸ்டிக் துண்டை உள்ளே வைத்து, இரண்டு இமைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

அவன் கண் வலிக்கிறது என்று சொன்னதை விட உதடு எரிகிறது என்று சொன்னதுதான் அதிகம். காரமும் ஆகாது, சூடும் ஆகாது. அம்மா மோர்சாதத்தைக் குழையப் பிசைந்து வாயோரமாக ஊட்டிவிட்டார். உதடு தானாகவே ஆறிவிடும், பயப்படாதீர்கள்.

பள்ளம் ஆழமாக இருந்தால், பிருஷ்டப் பகுதியில் இருந்து தோலின் மேற்படலத்தை நீக்கிவிட்டுக் கொழுப்போடு எடுத்து வைப்பார்கள். குழி நிரம்பும், உள்சவ்வுக்கும் இடம் கிடைக்கும். சிறு குழந்தைகளுக்கு இது குழந்தையோடு சேர்ந்து வளரவும் செய்யும். புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சு கொடுத்த குழி என்றால் மட்டும் ஒட்டுப் பிடிப்பது கடினம்; அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புண் ஆறிய பிறகு, பொதுவாக 6 முதல் 8 வாரத்தில், புதுக் கண்ணுக்கு அளவெடுப்பார்கள். பல் செட்டுக்கு அச்செடுக்கப் பயன்படும் அதே வகை ஆல்ஜினேட் பசைதான். தம்பியை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழிக்கு வண்ணம் தீட்டினார்கள். வெள்ளைப் பகுதியில் ரத்தக் குழாய்க்காகச் சிவப்புப் பட்டு இழைகளைப் பிரித்துப் பதித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல கண் அளவுக்கு அது அசையாது. நேராகப் பேசும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

கன்ஃபார்மர் கழன்று விழுந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், உடனே போய் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக் கண்ணை வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ் போடக் கொடுங்கள். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடியை எப்போதும் அணியுங்கள். இருக்கிற ஒரு கண்ணுக்கு அதுதான் காப்பு. என் தம்பி அது இல்லாமல் பைக்கை எடுக்க நாங்கள் விடுவதில்லை.