இரண்டாவது பாட்டில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பி.டெக் கெமிக்கல் முடித்தவள். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலைக்கான ரேங்க் லிஸ்டில் பெயர் வந்திருக்கிறது. சர்க்கார் வேலை, கண்ணை மூடிக்கொண்டு சேர் என்கிறார் அப்பா. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. பக்கத்தில் பிளாச்சிமடையில் ஊர்ச்சனம் பந்தல் போட்டு உட்கார்ந்துதானே குளிர்பான ஆலை நின்றது? அதிகாரி ஒருவரால் என்ன ஆகிவிடும்? முப்பது வருடம் அந்த வேலையில் இருந்தவர் நீங்கள், உண்மையைச் சொல்லுங்கள். மலையாளம் பேசுவேன், எழுத வராது என்பது இன்னொரு பயம்.

ர.

அன்புள்ள ர.,

பிளாச்சிமடை பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. பெருமை முழுக்க அவர்களுக்குத்தான். ஆனால் 2010-இல் உயர்நிலைக் குழு நஷ்டத்தை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டபோது, ஆலையின் கழிவுச் சேற்றில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதை யாரோ அளந்து எழுதி வைத்த தாள்களும் இருந்தன. (2011-இல் கேரளச் சட்டசபை நிறைவேற்றிய நஷ்டஈட்டு மசோதாவுக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காமல் போனது தனிக் கதை.)

அந்தத் தாளை எழுதுவதுதான் உங்கள் வேலை. எனக்கு அது புரிய ஒரு கேஸ் தோற்க வேண்டியிருந்தது.

சேர்ந்த மூன்றாம் வருடம், எல்லையோரம் ஒரு ஆலையின் கழிவு விழும் இடத்தில் சாம்பிள் எடுத்தேன். பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனின் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 400-ஐத் தாண்டியிருந்தது. துள்ளிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். எதிர் வக்கீல் அந்த எண்ணைத் தொடவே இல்லை. "நோட்டீஸ் எங்கே? இரண்டாவது பாட்டில் எங்கே?" இரண்டே கேள்வி. 1974 நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் சாம்பிளை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். நானோ மேனேஜர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஒற்றைப் பாட்டிலோடு ஜீப் ஏறியவன். கேஸ் தள்ளுபடி. ஓடை இன்னும் நான்கு வருடம் நாறியது. அதற்கு ஆலைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

மறுபடி போனபோது எல்லாம் கொண்டு போனேன். 300 மில்லி கண்ணாடிப் பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, இரண்டு மருந்தைப் பிப்பெட்டால் உள்ளே விட்டு, மூடி, கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லாவிட்டால் வெள்ளை. ஆலைக்கு மேலே எடுத்தது கருப்பட்டிக் காப்பி நிறம். கீழே எடுத்தது வெள்ளை வெளேர். தென்னந்தோப்புக்காரப் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதென்ன சார், பாலாட்டம் இருக்கு?"

"மீன் மூச்சு விட இதுல ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, சாட்சிக் கையெழுத்து நான் போடுகிறேன் என்றார்.

இந்த முறை அதே சட்டத்தின் 33-ஏ பிரிவின் கீழ் கரண்டைத் துண்டிக்க உத்தரவு போனது. 1988 திருத்தத்தில் வந்த அதிகாரம் அது. மூன்றே மாதத்தில் சுத்திகரிப்பு நிலையம் ஓட ஆரம்பித்தது. சினிமாவில் வருவதுபோல் யாரும் என்மேல் லாரி ஏற்றவில்லை. இரண்டு டிரான்ஸ்ஃபர், அவ்வளவுதான்.

அப்புறம் மலையாளம். எனக்கும் எழுத வராமல்தான் இருந்தது. பழைய ஃபைல்களைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். புள்ளி வைத்த மெய்க்குப் பதில் மலையாளத்தில் சில மெய்களுக்குத் தனி வடிவம் உண்டு, அந்தச் சில்லெழுத்துகள்தான் கொஞ்ச நாள் படுத்தும். ஓடையில் சாம்பிள் எடுத்த அன்று, சாட்சிகள் முன்னிலையில் நடந்ததைப் பதிவு செய்யும் மகசரையும் மலையாளத்தில்தான் எழுதினேன். எழுதியதைப் பெரியவருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, ஓடையின் பெயரைத் திருத்தச் சொன்னார். திருத்தினேன். கடைசி வரிக்குக் கீழே, அப்பா பெயரையும் சேர்த்து, பெரிய பெரிய தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டார்.