பீரோவில் கிடக்கும் பிஸ்டலுக்கு எந்த எண்ணெய்?

கேள்வி: அப்பா வைத்திருந்த .32 பிஸ்டல் முறைப்படி லைசென்ஸ் மாறி இப்போது என்னிடம் இருக்கிறது. வீடு தூத்துக்குடியில், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அப்பா கடைசிவரை தேங்காய் எண்ணெய்தான் போட்டார். ராணுவத்தில் இருந்த மாமா ரங்கூன் ஆயில் தேடச் சொல்கிறார், நண்பர் டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்கிறார், யூடியூபில் கார் என்ஜின் ஆயிலே நல்லது என்கிறார்கள். போன மாதம் ரேஞ்சில் சுட்டபோது, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது. ஸ்லைடின் மேல் பெருவிரல் ரேகை மாதிரியே ஒரு துருக்கறையும் வந்திருக்கிறது. நான் எதை வாங்க?

பதில்: அந்தப் பெருவிரல் ரேகையிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. அது ரேகை மாதிரி இல்லை, ரேகையேதான். யாரோ ஒருவர் வியர்த்த கையோடு எடுத்துப் பார்த்துவிட்டுத் துடைக்காமல் உள்ளே வைத்திருக்கிறார். வியர்வையில் இருக்கும் உப்பு ரேகையின் மேட்டில் எப்படிப் பதிந்ததோ, அதே கோடுகளில் இரும்பை அரித்திருக்கிறது. துப்பாக்கியின் அந்தக் கருநீலப் பூச்சைப் பலர் பெயின்ட் என்று நினைக்கிறார்கள். அது இரும்பின் மேலேயே உண்டாக்கப்பட்ட மெல்லிய ஆக்சைடு படலம், அவ்வளவுதான். அது தனியாகத் துருவைத் தடுக்காது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தடுக்க வேண்டியது அந்த எண்ணெய். எண்ணெய் காய்ந்துபோன இடத்தில் தூத்துக்குடிக் காற்றுக்கு ஒரு ராத்திரி போதும்.

இணையத்தில் நீங்கள் படிக்கும், பார்க்கும் விவாதங்களில் முக்கால்வாசி அமெரிக்காவில் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் சுடுகிறவர்கள் செய்வது. அவர்கள் கவலை உராய்வு, தேய்மானம், சூடு. உங்கள் பிஸ்டல் வருடத்துக்கு எத்தனை முறை சுடுகிறது? ஒரு பெட்டித் தோட்டா, மிஞ்சினால் இரண்டு பெட்டி. மீதி நாளெல்லாம் பீரோவில் கிடக்கிறது. அது தேய்ந்து கெடப்போவதில்லை, துருப்பிடித்தோ பிசின் பிடித்தோதான் கெடும். அதனால் நீங்கள் எண்ணெய் தேர்ந்தெடுக்கும் வரிசையே வேறு: முதலில் துருவைத் தடுக்கிறதா, அடுத்து மாதக்கணக்கில் அப்படியே இருந்தாலும் கெட்டியாகாமல் இருக்கிறதா, அதற்கப்புறம்தான் எவ்வளவு வழுக்குகிறது என்பது.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அவர்கள் பேசுவது பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டலைப் பற்றி. நம் நாட்டில் அது தடை செய்யப்பட்ட போர் (bore, குழல் அளவு) என்பதால்தான் தனியார் கையில் .32 இருக்கிறது. .32 தோட்டாவின் சக்தி 9 மி.மீ.யில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இந்த வகைப் பிஸ்டல்களில் பேரலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது, வெடித்ததும் காலி உறையே பின்னால் உந்தி ஸ்லைடைத் தள்ள வேண்டும், எதிரே நிற்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும். கையில் இருப்பதே கொஞ்சம் சக்தி, அதில் ஒரு பங்கைப் பிசுக்கு தின்றுவிட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது, அல்லது போய்விட்டுத் திரும்பி வந்து முழுதாக மூடாது. உங்களுக்கு ரேஞ்சில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பிசுக்கு எங்கிருந்து வந்தது என்றால், மன்னிக்கவும், அப்பாவின் தேங்காய் எண்ணெயிலிருந்து. அவர் அக்கறையோடு செய்தது, அதில் சந்தேகமில்லை, அந்தத் தலைமுறையில் பூட்டு, கத்தி, கிணற்று ராட்டினம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் மார்கழிக் காலையில் குளியலறையில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தட்டிப் பாருங்கள், 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். குளிரூட்டிய அறையில் பீரோ இருந்தால் பிஸ்டலுக்குள்ளும் அதுவேதான் நடக்கும். உறைவதாவது வெயிலில் இளகிவிடும். சிக்கலே, நாள்பட்டால் அது காறிப்போய் அமிலம் உண்டாவதுதான். அந்த அமிலமும் இரும்பை அரிக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பட்டு மெல்ல இறுகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். சமையலறை எண்ணெய் எதுவும் துப்பாக்கிக்குள் வேண்டாம்.

டபிள்யூடி-40 கெட்டது இல்லை, வேலைதான் வேறு. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் உடம்பில் ஈரம் தங்காமல் இருப்பதற்காகச் செய்தது, பெயரே நீரை விலக்கும் கலவையின் 40ஆவது முயற்சி என்பதைத்தான் சொல்கிறது. நனைந்துவிட்ட துப்பாக்கியிலிருந்து தண்ணீரை வெளியேற்ற அது அருமையான பொருள். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான், பின்னால் மிஞ்சும் படலம் மிக மெல்லியது, உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அது ரொம்ப நாள் தாங்காது. அடித்துவிட்டோம், பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுக் காய்ந்துவிடும். இன்னொன்று, ஸ்பிரேயாக அடிக்கும்போது அது போகக்கூடாத சந்துக்கெல்லாம் போகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா சொல்கிற ரங்கூன் ஆயிலுக்குப் பின்னால் நல்ல காரணம் இருந்தது. பர்மாவில் ஏனாஞ்சாவுங் பக்கம் எடுத்த கச்சா எண்ணெயிலிருந்து வந்த கனிம எண்ணெய் அது, பிரிட்டிஷ் காலத்தில் பட்டாளத்து ரைபிளுக்கெல்லாம் அதுதான். லீ-என்ஃபீல்டு ரைபிளின் கட்டைக்குள் ஒரு குட்டி எண்ணெய்க் குப்பியும், பேரலைத் துடைக்கும் புல்-த்ரூ கயிறும் வைக்க இடமே இருக்கும், மாமாவைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தாவர எண்ணெயோடு ஒப்பிட்டால் அது இறுகாது, காறாது, அதனால்தான் அந்தக் காலத்தில் அவ்வளவு மதிப்பு. இன்று அந்தப் பெயர் ஒட்டிய பாட்டில் கிடைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளைப் பார்த்துதான் வாங்க வேண்டும்.

தையல் மெஷின் எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது சொல்வார்கள். சுத்தமான மெல்லிய கனிம எண்ணெய், பிசின் பிடிக்காது, ரேஞ்சில் வேறெதுவும் இல்லையென்றால் இரண்டு சொட்டு விட்டுச் சுடலாம். துருத் தடுப்புச் சேர்க்கை அதில் இருக்காது, மெல்லியது என்பதால் நிறுத்தி வைத்த துப்பாக்கியிலிருந்து மெதுவாக வழிந்து கீழே வந்துவிடும். என்ஜின் ஆயில் விஷயத்தில் யூடியூபில் சொல்வது பொய்யில்லை. புதிய பாட்டிலில் இருந்து எடுத்த முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30 நல்ல மசகு எண்ணெய்தான், தேய்மானத்தைத் தடுக்கும் சேர்க்கைகளும் அதில் உண்டு. சர்வீஸில் வடித்த பழைய எண்ணெயை மட்டும் தொடவே வேண்டாம், அதில் அமிலமும் உலோகத் துகளும் கலந்திருக்கும், தோலுக்கும் கேடு.

சரி, எதை வாங்குவது? லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையில் சிஎல்பி என்று போட்ட எண்ணெயைக் கேளுங்கள். சுத்தம் செய்ய, வழுக்க, காக்க என்று மூன்று வேலைக்கும் ஒரே பாட்டில் என்பதற்கான சுருக்கம் அது. பிரேக்-ஃப்ரீ போன்றவை அமெரிக்க ராணுவத் தரத்துக்குச் செய்தவை, ஜெர்மனியின் பாலிஸ்டாலும் நூறு வருடத்துக்கு மேல் புழக்கத்தில் இருப்பது. எந்தப் பிராண்டு என்று ரொம்ப யோசிக்காதீர்கள். நானோ, டெஃப்லான், செராமிக் என்று கூடுதல் விலை சொன்னால் உங்கள் உபயோகத்துக்கு அது தேவையே இல்லை. ஊரில் சிஎல்பி கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும்வரை அந்தப் புதிய சிந்தெடிக் என்ஜின் ஆயிலைப் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். கிரீஸ் இந்தப் பிஸ்டலுக்கு வேண்டாம். பெரிய 9 மி.மீ. அலுமினிய ஃபிரேம்களுக்கு அது பொருந்தும், உங்களுடையதில் இருக்கிற கொஞ்சம் சக்தியையும் அது பிடித்து நிறுத்தும்.

யார் பேச்சிலும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. பூச்சு இல்லாத சாதாரண இரும்பு ஆணி நாலைந்து எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, ஒன்றைச் சும்மா விட்டுவிட்டு மற்றதில் ஆளுக்கொரு எண்ணெய் தடவி மொட்டை மாடியில் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தினமும் காலையில் ஒரு பார்வை. உங்கள் வீட்டுக் காற்றிலேயே எது தாங்குகிறது என்று உங்கள் கண்ணே சொல்லும்.

இனி போடுகிற முறை. என் அனுபவத்தில் எண்ணெய் தப்பாகத் தேர்ந்தெடுத்துக் கெட்ட துப்பாக்கியைவிட, நல்ல எண்ணெயைக் குளிக்கக் குளிக்க ஊற்றிக் கெட்டதுதான் அதிகம்.

முதலில் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள். அதற்கப்புறம் ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பிடித்துச் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். வரிசை மாறக்கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும், அதன்பிறகு மேகசினைக் கழற்றினாலும் துப்பாக்கி லோடாகித்தான் இருக்கும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும், எண்ணெய் மேசைக்கே வரக்கூடாது.

உங்களுடையதில் பழைய பிசுக்கு இருப்பதால் முதல் முறை மட்டும் கொஞ்சம் வேலை. கையேட்டில் உள்ளபடி பிரித்து, கைப்பிடித் தகடுகளைக் கழற்றிவிட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து எடுங்கள். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பும் சிகரெட்டும் பக்கத்தில் இருக்கக்கூடாது. தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு தேன் நிறத்தில் உருண்டு வரும், ஸ்லைடு ஓடும் தண்டவாளப் பள்ளத்தின் மூலையிலும் காலி உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும் பார்த்தால் தெரியும், அங்கே தீக்குச்சியைச் சீவி நுழைத்துச் சுரண்டலாம். முடித்ததும் உடனே துடைத்து எண்ணெய் போடுங்கள். டர்பன்டைன் பழைய எண்ணெயை எல்லாம் எடுத்துவிடும், அந்த நேரத்தில் இரும்பு வெறும் உடம்போடு நிற்கிறது.

எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வையுங்கள். ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் பக்கத்துக்கு ஒரு சொட்டு, விரலால் நீளவாக்கில் இழுத்துவிடுங்கள். பேரலின் வெளிப்புறத்தில் ஸ்லைடோடு உரசும் இடம் பளபளவென்று தேய்ந்திருக்கும், அங்கே ஒரு சொட்டு. டிரிக்கர் இணைப்புகளில் ஒன்று, சுத்தியல் உள்ள மாடலாக இருந்தால் அதன் அச்சில் ஒன்று. மொத்தம் நாலைந்து சொட்டு. பொருத்தி நாலைந்து முறை ஸ்லைடை இழுத்துவிட்டால் வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடுங்கள். வெளி உடம்பு முழுக்க எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவல். ராணுவத்தில் சிந்தி என்று சொல்லும் அந்தத் துணித்துண்டு இதற்குத்தான், பழைய பருத்தி பனியனும் போதும். கையில் ஈரம் மாதிரி தெரிந்தால் அதிகம், லேசாக மின்னினால் சரி.

போடக்கூடாத இடங்கள்: தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஃபைரிங் பின் ஓடும் துளை, மேகசினின் உள்புறம், சேம்பர். ஸ்பிரே வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். ஃபைரிங் பின் துளைக்குள் போகும் எண்ணெய் கரியையும் பித்தளைத் தூளையும் சேர்த்துக்கொண்டு சேறாகிவிடும், அந்தப் பின் மெதுவாகி, தோட்டாவின் அடியில் நெருப்பு மூட்டும் பிரைமரைச் சரியாகத் தட்டாது, சமயத்தில் முன்னாலேயே சிக்கிக்கொள்ளவும் கூடும், அது ஆபத்து. மேகசினில் எண்ணெய் இருந்தால் தோட்டாவுக்கு ஒட்டும், பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். பேரலுக்குள் சேமிப்புக்காக மெல்லிய பூச்சு இருக்கலாம், ஆனால் சுடப்போகும் முன்னால் பேரலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் கட்டாயம் துடைக்க வேண்டும்.

வைக்கும் இடத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். அப்பாவின் தோல் உறையில் வைத்திருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும், துணி உறையோ பஞ்சு வைத்த பெட்டியோகூட நம் ஊர் ஈரத்துக்கு அப்படித்தான். எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, பூட்டுள்ள பெட்டியில், நிறம் மாறும் வகை சிலிகா ஜெல் ஒரு பையோடு வையுங்கள், நிறம் மாறினால் சூடுபடுத்திக் காயவைத்து மறுபடி போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். யார் கையில் எடுத்தாலும் திரும்ப வைக்கும்முன் துடைக்க வேண்டும்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024இல் மார்ச் 16 அன்று தேதி அறிவித்து ஜூன் 4 அன்றுதான் எண்ணினார்கள், கிட்டத்தட்ட மூன்று மாதம் துப்பாக்கி உங்கள் கையில் இல்லை, யாரும் அங்கே உங்களுக்காக எண்ணெய் போடப்போவதில்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனமாக வெளியிலும் பேரலுக்குள்ளும் பூசி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, அதன் மேல் விவரச் சீட்டு கட்டிக் கொடுங்கள். திரும்பி வந்த அன்றே பிரித்து எல்லாவற்றையும் துடைத்து வழக்கமான அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

அந்தத் துருக்கறைக்கு உப்புத்தாள் போடாதீர்கள், கருநீலம் முழுக்கப் போய்விடும். கறை மேல் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் நாலு சைபர் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். பழுப்பு போய்விடும், மங்கலாக ஒரு நிழல் மிஞ்சலாம், அது பரவாயில்லை. நகத்தை வைத்து இழுத்தால் பள்ளம் தட்டுகிறது என்றால் அதை லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். சுத்தம் செய்து அளவாக எண்ணெய் போட்டபிறகும் ஸ்லைடு பாதியில் நின்றால் எண்ணெயைக் கூட்டாதீர்கள், அப்போது பார்க்க வேண்டியது ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் அப்பா காலத்து ரீகாயில் ஸ்பிரிங்கும், தோட்டாவைப் பிடித்து வைக்கும் மேகசினின் மேல் விளிம்பு உதடுகளும்தான். அதையும் அவரிடமே காட்டுங்கள்.