அதே ஆணி, வேறு அட்டை

கேள்வி: பாம்பனில் புதுப் பாலம் வந்துவிட்டது, தனுஷ்கோடிக்கு ரோடு வந்துவிட்டது, லாட்ஜுகள் பெருகுகின்றன. நிலம் வைத்திருப்பவன் நாலு காசு பார்க்கிறான். இதைப் போய் 'ஊரை விட்டு விரட்டுகிறார்கள்' என்று சிலர் புலம்புவது வெறும் வயிற்றெரிச்சல்தானே?
- வாசகர் ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: 'நிலம் வைத்திருப்பவன்' என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இல்லாதவன் கதைதான் எனக்கு மிச்சம்.

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசலில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. அண்மையில் போனபோது அதே ஆணியில் வேறு அட்டை: 'யாத்ரீகர்களுக்கு அறை, நாள் வாடகை'. கூடத்தைப் பலகையால் தடுத்து மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் ஏசி. ஒரு குடும்பம் மாதம் முழுக்கத் தந்த பணத்தை ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஓரிரு ராத்திரியில் எடுத்துவிடலாம் என்றால் எந்த வீட்டுக்காரர் குடும்பத்துக்கு விடுவார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே குடியிருந்த படகுத் தொழிலாளி இப்போது மண்டபத்தில் இருக்கிறாராம். விடியுமுன் படகேற வேண்டியவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறார்.

லண்டனில் உழைப்பாளிகளின் பேட்டைகளை வசதி படைத்தவர்கள் வாங்கிப் புதுக்க, பழைய ஆட்கள் வெளியேறியதைக் கண்டு 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டவர் சமூகவியலாளர் ரூத் கிளாஸ். ஆண்டு 1964. அந்த டிசம்பரில்தான் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. புயலுக்காவது பாம்பனில் கூண்டு ஏற்றுவார்கள்.

இடம் இன்று தருகிற வாடகைக்கும், தரக்கூடிய வாடகைக்கும் உள்ள இடைவெளி அகலும்போது பணம் பாய்ந்து வரும் என்றார் புவியியலாளர் நீல் ஸ்மித், 1979இல். இங்கே அந்த இடைவெளியை அகலமாக்கியது எது? 1988இல் சாலைப் பாலம், 2017இல் தனுஷ்கோடி வழியே அரிச்சல்முனை வரை ரோடு, 2025இல் ரயில் பாலம். எல்லாம் பொதுப்பணம். மேற்படி படகுத் தொழிலாளி தீப்பெட்டி வாங்கும்போது கட்டும் வரியும் அதில் உண்டு. ஏறிய விலை மட்டும் பட்டா வைத்திருப்பவருக்கு.

கடற்கரையிலோ பட்டாவே கிடையாது, பழக்கம்தான். கரைவலை இழுக்க இரண்டு கூட்டம் மணலில் தள்ளித் தள்ளி நின்று வடத்தைப் பிடிக்க வேண்டும். குறுக்கே ஒரு ரிசார்ட் சுவர் எழும்பினால் வலையைச் சுருட்டி வைக்க வேண்டியதுதான். மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோரக் கிராமங்களில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடையை 50 மீட்டராகச் சுருக்கியது 2019ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கை. அதற்கப்புறம் கருவாடு காயப்போட எங்கே போவது? அறை எடுத்தவருக்கு மதியம் மீன் குழம்பு வேண்டும், சாயங்காலம் கருவாட்டு வாடை ஆகாது.

லாட்ஜால் ஆட்டோக்காரருக்கும் இளநீர்க்காரருக்கும் பிழைப்பு உண்டு, மறுக்கவில்லை. அவர்களும் எங்காவது குடியிருக்க வேண்டுமே!

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. தங்கச்சிமடத்தில் நீங்கள் இருப்பது சொந்த வீடா, வாடகை வீடா?