மலையில் சிக்னல் இல்லை. விர்ச்சுவல் நம்பர் வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்கள் தோட்டத்துக் காப்பித்தூளையும் மிளகையும் சேலம் அம்மாபேட்டையில் என் தம்பி ஒரு சின்னக் கடை வைத்து விற்கிறான். பலகை, விசிட்டிங் கார்டு, கூகுள் எல்லாவற்றிலும் என் கணவரின் சொந்த நம்பர்தான் இருக்கிறது. வீட்டில் சிக்னல் சரியாக வராது. அவர் தோட்டத்துக்குள் போய்விட்டால் யாராலும் பிடிக்க முடியாது. சீசனில் நடுராத்திரியிலும் அழைப்பு வருகிறது. 1800 டோல் ஃப்ரீயோடு விர்ச்சுவல் நம்பர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கம்பெனி ஆள் விடாமல் சொல்கிறார். எடுக்கலாமா? அதில் வாட்ஸ்அப்பும் ஜிபேயும் வேலை செய்யுமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் 1800 வேண்டாம். அதைவிட முக்கியம், கம்பெனி எந்த நம்பரைக் கொடுத்தாலும் அதைப் பலகையில் எழுதாதீர்கள். வாங்கச் சொல்லிவிட்டு பலகையில் போடாதே என்கிறேனே என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

விர்ச்சுவல் நம்பருக்கு சிம்மும் இல்லை, கருவியும் இல்லை. அந்த நம்பரை யாராவது அழைத்தால் அழைப்பு நேராகக் கம்பெனியின் சர்வருக்குப் போகும். நீங்கள் சொல்லி வைத்த வரிசைப்படி சர்வர் உங்கள் சாதாரண செல்லுக்கு இன்னொரு அழைப்பு போட்டு, எடுத்தவுடன் இரண்டையும் கோர்த்துவிடும். அவ்வளவுதான். ஆகவே தோட்டத்துக்குள் டவர் எட்டாத இடத்தில் உங்கள் கணவர் இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து எந்த விர்ச்சுவல் நம்பர் வாங்கினாலும் அங்கே மணி அடிக்காது. கிடைக்கும் லாபம் வேறு: அவர் எடுக்காவிட்டால் நீங்கள், நீங்கள் இல்லாவிட்டால் கீழே சேலத்தில் தம்பி என்று அழைப்பு நகரும். யாருமே எடுக்காவிட்டாலும் யார், எப்போது அழைத்தார்கள் என்பது பதிவாகும்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லாத பிரச்சினைக்குக் காசில்லாத மருந்து ஒன்று உண்டு. வீட்டில் ஃபைபர் இணைப்பும் வைஃபையும் இருந்தால், செல் செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்பதைப் போட்டுவிடுங்கள். ஏர்டெல்லும் ஜியோவும் 2019 டிசம்பர், 2020 ஜனவரி வாக்கில் கொண்டுவந்த வசதி இது. டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாக அதே நம்பருக்கு அழைப்பு வரும். கரண்ட் போனால் மோடமும் போய்விடும். அதனால் ரவுட்டருக்கென்றே விற்கிற சின்ன யூபிஎஸ் ஒன்றை மாட்டிவிடுங்கள். இதை முதலில் செய்துவிட்டு அப்புறம் கம்பெனி ஆளிடம் பேசுங்கள்.

இனி பலகை விஷயம். விர்ச்சுவல் நம்பர் என்பது வாடகைக் கடை மாதிரி. பணம் கட்டும்வரை உங்களுடையது. சந்தாவை நிறுத்தினால், அல்லது கம்பெனி விலையை ஏற்றி நீங்கள் விலகினால், நம்பர் அவர்களோடு போய்விடும். செல் நம்பரை 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். லேண்ட்லைன் வரிசை நம்பர்களுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. விர்ச்சுவல் நம்பர்களில் பல அந்த வரிசையில்தான் வருகின்றன. ஐந்து வருஷம் கழித்துப் பலகை, கார்டு, காப்பித்தூள் பாக்கெட் எல்லாவற்றையும் திருத்தி அச்சடிக்கும் நிலைமை வரக்கூடாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஹோம்ஸ்டேவின் உதயம் பதிவோ (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) ஜிஎஸ்டியோ யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பெயரில் புதிதாக ஒரு செல் நம்பர் வாங்குங்கள். வெளியே எல்லோரும் பார்க்கப்போவது அந்த நம்பரைத்தான். அதில் வரும் எல்லா அழைப்பையும் விர்ச்சுவல் நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். நாளைக்குக் கம்பெனி பிடிக்கவில்லையா? வேறு கம்பெனிக்குப் போய் திருப்பும் நம்பரை மட்டும் மாற்றினால் போதும். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது.

கணவரின் பழைய நம்பரையே தொழில் நம்பராக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த நம்பரில் ஆதார், பேங்க், குடும்பம் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். மாமியார் போடும் ஃபோன் அம்மாபேட்டைக் கடையில் அடிப்பது யாருக்கும் நல்லதில்லை. புது நம்பரே மேல்.

இந்த சிம் எங்கே இருக்க வேண்டும்? மலையில் வேண்டாம். தம்பி கடையில் ஒரு பழைய ஸ்மார்ட்ஃபோனில் போட்டுச் சார்ஜரில் வைத்துவிடுங்கள். அழைப்பைத் திருப்பிவிடும் 'ஃபார்வர்டிங்' வசதியில் 'எப்போதும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது நெட்வொர்க்கிலேயே நடப்பதால் ஃபோன் அணைந்திருந்தாலும் அழைப்பு திரும்பிப் போகும். 'தொடர்பு இல்லாதபோது மட்டும்' என்று வைத்தால் அழைப்பவர் வெறுமனே காத்திருப்பார். செல்லின் கால் செட்டிங்ஸிலேயே இதைச் செய்யலாம். முடியவில்லை என்றால் சேலத்தில் அந்த நிறுவனத்தின் கடைக்கே போய்ச் செய்து வாங்குங்கள். ஸ்டார் 401 போன்ற குறியீட்டை அழுத்தச் சொல்லி ஏமாற்றும் கும்பல் பெருகியதால், அப்படிக் குறியீடு அழுத்தி (யுஎஸ்எஸ்டி) செய்யும் ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஃபோனில் யார் சொன்னாலும் அப்படி எதையும் அழுத்தாதீர்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விர்ச்சுவல் நம்பர் மணி அடிக்க வேண்டிய செல்களின் பட்டியலில் இந்தப் புது நம்பரைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் அழைப்பு சர்வருக்குப் போய், அங்கிருந்து இதே சிம்முக்கு வந்து, மறுபடி சர்வருக்கே திரும்பி, சுற்றிக்கொண்டே இருந்து அறுந்துவிடும். பட்டியலில் உங்கள் நம்பர், கணவர் நம்பர், தம்பி நம்பர் மூன்றும் போதும். இன்னொன்று: திருப்பிவிடும் அழைப்பு உங்கள் சிம்மிலிருந்து போகும் அழைப்பாகத்தான் கணக்காகும். ரீசார்ஜ் காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். ரீசார்ஜை மறப்பவர்கள் போஸ்ட்பெய்டு எடுத்துக்கொள்வது நல்லது.

வரிசையை எப்படி அமைப்பது? மூன்று செல்லும் ஒரே நேரத்தில் அடிக்கும்படியும் வைக்கலாம், ஒன்றன்பின் ஒன்றாகவும் வைக்கலாம். உங்கள் நிலைமைக்கு ஒன்றன்பின் ஒன்றுதான் சரி, அதிலும் சிக்னல் நிச்சயமாக இருக்கும் தம்பிதான் முதலில். அவர் அறைக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எந்த அறை என்றைக்குக் காலி என்பது அவருக்கும் தெரிய வேண்டும். இருவரும் பார்க்கும்படி கூகுள் காலண்டர் ஒன்றைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு செல்லுக்கும் இருபது விநாடி கொடுங்கள்; அதற்குமேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள். பட்டியலில் உள்ள செல் எதிலாவது வாய்ஸ் மெயில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாய்ஸ் மெயில் எடுத்தாலும் 'அழைப்பு எடுக்கப்பட்டது' என்றே சர்வர் நினைக்கும். அடுத்த ஆளுக்கு நகராது. ஆள் இருந்தும் அழைப்பு வரவில்லை என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

'தமிழுக்கு 1, ஆங்கிலத்துக்கு 2, அறைக்கு 3' என்ற நீண்ட மெனு உங்களுக்கு எதற்கு? மூன்று அறைக்கு அது பந்தா. பெங்களூருவிலிருந்து வருகிறவர்களும் இருப்பார்கள் என்பதால் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லி உடனே இணைக்கட்டும். ராத்திரிக்கு மட்டும் மெனு வையுங்கள். ஒன்பது மணிக்குமேல் 'காலை ஏழு மணிக்கு அழைக்கிறோம், வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். இன்று வந்துகொண்டிருக்கும் விருந்தினர் 1-ஐ அழுத்துங்கள்' என்று இருக்கட்டும். பனியில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவருக்கு வழி தவறினால் உங்களை எழுப்பும் உரிமை உண்டு. ஜூன் மாதத்துக்கு ரேட் கேட்கிறவருக்கு அது இல்லை.

ஏன் 1800 வேண்டாம் என்றேன்? அதில் அழைப்பவருக்கு இலவசம். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் நீங்கள் கட்ட வேண்டும். எல்லோரிடமும் அன்லிமிடெட் பேக் இருக்கும் காலத்தில் அந்த இலவசத்தால் ஒரு அறைகூடக் கூடுதலாக நிரம்பாது. 1860 இன்னும் மோசம், அழைப்பவரின் பேக்கில் அடங்காமல் காசு பிடிக்கலாம். பின்னால் மறைந்திருக்கப்போகும் நம்பர் என்பதால் அது சேலத்தின் 0427 ஆனாலும் ஏற்காட்டின் 04281 ஆனாலும் பெங்களூருவின் 080 ஆனாலும் ஒன்றுதான்; எது மலிவோ அதை எடுங்கள். நீங்கள் திருப்பி அழைக்கும்போது வாடிக்கையாளருக்கு எந்த நம்பர் தெரியும் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது 140-ல் தொடங்கினால் வேண்டாம். விளம்பர அழைப்புக்கு ஒதுக்கிய வரிசை அது. பார்த்ததுமே கட் செய்துவிடுவார்கள்.

அமெரிக்க நம்பர் மலிவாகத் தரும் ஆப்களும் இருக்கின்றன. உங்களை அழைப்பவருக்கு ஐஎஸ்டி கட்டணம் விழும், அதனால் வேண்டாம். ஆதாரம் எதுவும் கேட்காமல் நம்பர் தருகிறேன் என்பவரிடமும் வாங்காதீர்கள். முறையான கம்பெனி பான், ஆதார், தொழில் பதிவு எல்லாம் கேட்கத்தான் செய்யும். உதயம் பதிவு இன்னும் இல்லை என்றால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் பிசினஸை அந்தப் புது சிம்மில் போடுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ் சிம்முக்கே வரும், ஃபார்வர்டிங் அதைத் தொடாது. கடையில் உள்ள ஃபோன்தான் முதன்மை. அதோடு மேலும் நான்கு கருவிகளை இணைக்கலாம், ஆகவே மலையில் வைஃபையில் நீங்களும் அதே கணக்கில் பதில் எழுதலாம். முதன்மை ஃபோனைப் பதினான்கு நாளுக்குமேல் தொடாமல் விட்டால் இணைத்தவை எல்லாம் கழன்றுவிடும் என்பதைத் தம்பியிடம் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பும் ஃபார்வர்ட் ஆகாது. அது தனி வழி.

ஜிபேயும் ஃபோன்பேயும் விர்ச்சுவல் நம்பரில் நடக்காது. யூபிஐ பதிவு செய்யும்போது அந்த ஃபோனில் இருக்கும் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும்; சிம் இல்லாத நம்பரால் எதை அனுப்புவது? பேங்க் கணக்கோடு இருக்கும் நம்பரிலேயே யூபிஐ இருக்கட்டும். வாடிக்கையாளருக்கு நம்பரைக் கொடுக்காமல் க்யூஆர் கோடு அனுப்புங்கள். யூபிஐ ஐடியிலேயே கணவரின் செல் நம்பர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வேறு ஐடி உருவாக்குங்கள். இல்லாவிட்டால் ஒளித்த நம்பர் அங்கே தெரியும்.

கையெழுத்துப் போடும் முன் ரேட் கார்டை எழுத்தில் வாங்குங்கள். சர்வருக்கு வரும் அழைப்பு, அங்கிருந்து உங்கள் செல்லுக்குப் போகும் அழைப்பு என்று ஒரே பேச்சை இரண்டாகக் கணக்கிடுவார்களா? அரை நிமிஷக் கணக்கா, முழு நிமிஷமா? மிச்ச நிமிஷம் அடுத்த மாதம் வருமா? சொல்லும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? ஒரு வருஷப் பணத்தை முன்னால் கட்டச் சொன்னால் மூன்று மாதத்துக்குக் கேளுங்கள். அழைப்பைப் பதிவு செய்யும் வசதியைத் தூக்கிப் பிடிப்பார்கள். அழைப்பவரிடம் சொல்லாமல் பதிவு செய்யக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் சட்டமே வந்துவிட்டது. முன்பணம், தேதி, எத்தனை பேர் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினால் உங்களுக்குப் பதிவே தேவைப்படாது.

மாற்றத்தை மே மாதக் கோடை விழா நேரத்தில் செய்யாதீர்கள். கூட்டம் குறைந்த நாளில் செய்து, வேறு வேறு நிறுவன சிம்களிலிருந்து நீங்களே அழைத்துப் பாருங்கள்: மணி அடிக்கிறதா, இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா, தம்பி செல்லில் வாடிக்கையாளரின் நம்பர் தெரிகிறதா என்று. சில சமயம் விர்ச்சுவல் நம்பரே தெரியும்; அப்படியானால் அதை 'ஹோம்ஸ்டே கால்' என்று சேமித்து, உண்மையான நம்பரைக் கம்பெனியின் ஆப்பில் பார்க்கச் சொல்லுங்கள். கூகுளில் முதல் நம்பராகப் புதியதைப் போட்டு, கணவரின் நம்பரைக் கூடுதல் நம்பராகக் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள். அடுத்த சீசன் முடிந்ததும் எடுத்துவிடலாம். ஆன்லைன் புக்கிங் தளங்களில் நீங்கள் இருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். பலகைக்குப் பெயின்டரைக் கூப்பிடுவதை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஓடிப் பார்த்த பிறகு போதும்.