கன்று போட்ட பசுவுக்குக் கல்லீரல் ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, என் எச்.எஃப். கலப்பினப் பசு மூன்றாவது ஈத்து கன்று போட்டு 12 நாள் ஆகிறது. வைக்கோலைக் கடிக்கிறது, அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது. பால் 16 லிட்டரிலிருந்து 7 லிட்டருக்கு இறங்கிவிட்டது. கால்சியம் ஏற்றியும் தெளியவில்லை. கல்லீரலை ஸ்கேன் செய்யலாம் என்கிறார் மருத்துவர். கோளாறு இருந்தால் அதில் தெரியுமா?

பதில்: முற்றியிருந்தால் தெரியும். ஆனால் ஸ்கேனுக்காகக் காத்திருந்து வைத்தியத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கீட்டோசிஸும் (உடம்புக் கொழுப்பு அதிகம் கரைந்து ரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள் ஏறும் நோய்), கூடவே கொழுப்புக் கல்லீரலும் இருக்கலாம் என்றே படுகிறது. கறக்கும் பாலுக்கு ஈடாகத் தீவனம் எடுக்காத மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும். அது கல்லீரலில் வந்து தேங்கிவிடும். கட்டி போல ஓரிடத்தில் நிற்காமல் ஈரல் முழுக்கப் பரவுவதால்தான் பிடிபடாமல் போகிறது.

வலப்பக்கம் கடைசி விலா இடுக்குகளில் முடியை மழித்து, ஜெல் தடவிப் பார்ப்பார்கள். நல்ல ஈரலில் ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகப் பளிச்சென்று தெரியும். கொழுப்பு ஏறிய ஈரலில் மேல்பகுதி வெளுத்து, ஆழம் போகப் போக மங்கி, குழாய்கள் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல மறையும். ஓரமும் கூர்மை இழந்து உருண்டிருக்கும். ஈரலின் தடிமன், குழாயின் அகலம், வெளுப்பின் அளவு எல்லாவற்றையும் அளந்து குறிக்கலாம். வெளுப்பு மட்டும் கருவியின் கெயினை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) திருப்பினாலே மாறிவிடும். அதனால் அதே செட்டிங்கில் உங்கள் தொழுவத்திலுள்ள நல்ல மாடு ஒன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சினை பார்க்க ஆசனவாய் வழியாக விடும் புரோப் (ஸ்கேன் கருவியின் முனை) இதற்கு ஆழம் போதாது, 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வளைந்த புரோப் வேண்டும். லேசான கொழுப்பு ஸ்கேனில் தப்பிவிடும். உறுதியாகச் சொல்ல ஊசி மூலம் ஈரல் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்றே ஒரு சொட்டு ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 1.2 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் புரோப்பிலீன் கிளைக்கால் (ஈரல் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும் திரவம்) தினம் 300 மில்லி, 3 முதல் 5 நாள் வரை வாய்வழி கொடுப்பார்கள். தேவைப்பட்டால் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றுவார்கள். நான்காம் இரைப்பை இடப்பக்கம் நகர்ந்தாலும் இதே அடையாளம்தான். விலாவைச் சுண்டிக் கேட்கச் சொல்ல மறக்காதீர்கள்.

கன்று போடும் முன் வாலடியின் இரு பக்கக் குழியும் கொழுப்பால் தூர்ந்திருந்ததா? அப்படியானால் அடுத்த ஈத்தில் கறவையின் பின்பாதியிலேயே தீவனத்தை அளந்து வையுங்கள். வற்றுக்காலத்தில் (கன்று போடும் முன் கறவையை நிறுத்திய காலம்) பட்டினி போட்டு இளைக்க வைக்கவே கூடாது. அப்போது கரையும் கொழுப்பும் ஈரலுக்குத்தான் போகும்.