அப்பாவுக்கு ஜெட் பயணம்: சொல்லாமல் கூட்டிப் போகலாமா?

கேள்வி: பிரான்ஸில் வேலை பார்க்கிறேன். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு 63 வயது. சின்ன வயதிலிருந்தே விமானம் என்றால் உயிர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், வேறு தொந்தரவு எதுவும் இல்லை. அடுத்த கோடையில் இங்கே வருகிறார். பணம் கட்டினால் போர் விமானத்தில் பறக்கலாம் என்கிறார்கள். விமானத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வரை வாயே திறக்காமல் இருந்து அவரை அசத்த வேண்டும் என்று ஆசை. அப்துல் கலாம் 74 வயதில் சுகோய் போர் விமானத்தில் பறந்தாரே, அப்பாவால் முடியாதா? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: 63 வயது ஒரு தடையே இல்லை. மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். ‘வாயே திறக்காமல்’ என்ற பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். ஏன் என்பதற்கு நீங்கள் இருக்கும் நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது.

2019 மார்ச் 20. செயின்ட்-டிசியே விமானப்படைத் தளம். பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த 64 வயதுக்காரர் ஒருவருக்கு ரஃபேல் போர் விமானப் பயணத்தைப் பரிசாகக் கொடுக்க அவருடைய சகாக்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்கு முன்கூட்டி எதுவும் தெரியாது. போர் விமானத்தில் பறக்க வேண்டும் என்று அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை. பறப்பதற்குச் சுமார் நான்கு மணி நேரம் முன்புதான் மருத்துவர் பார்த்தார். ‘3 ஜி-க்கு மேல் போகக் கூடாது’ என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். நம் உடம்பு எத்தனை மடங்கு கனக்கிறது என்பதுதான் ஜி. அந்த நிபந்தனை விமானியின் காதுக்குப் போய்ச் சேரவில்லை. கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச்சில், விமானத்தில் ஏறும் நேரத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 136-இலிருந்து 142 வரை பதிவாகியிருந்தது. மனிதர் இன்னும் தரையில்தான் இருக்கிறார்!

விமானம் கிளம்பியது. விமானிக்கு இது வழக்கமான பயிற்சிப் பறப்பு. செங்குத்துக்குப் பாதி அளவு மூக்கைத் தூக்கி ஏறியபோது 3.7 ஜி வந்தது. ஏறி முடித்து மூக்கைத் தாழ்த்தி நேராக்கினார். அந்தக் கணம் மைனஸ் 0.6 ஜி. நம் எடையில் பாதிக்கும் மேலான விசை ஆளை இருக்கையிலிருந்து மேலே தள்ளுகிறது என்று அர்த்தம். பட்டைகள் சரியாக இறுகியிருக்கவில்லை. உடம்பு எழும்பியது. விழப்போகிறோம் என்று தோன்றினால் கை எதையாவது பற்றத்தான் செய்யும். தொடைகளுக்கு நடுவே, மஞ்சளும் கறுப்புமாக, பிடித்து இழுக்க வசதியாக ஒரு வளையம் இருந்தது. அது எஜெக்‌ஷன் சீட்டின், அதாவது ஆபத்து நேரத்தில் ஆளோடு வெளியே பாயும் இருக்கையின், கைப்பிடி.

அடுத்த நொடி அவர் சுமார் 2,500 அடி உயரத்தில், விமானத்துக்கு வெளியே இருந்தார். தாடைப் பட்டை மாட்டாததால் ஹெல்மெட் பறந்துபோனது. பாராசூட் விரிந்ததால் பெரிய காயம் இல்லாமல் தரை இறங்கினார். ரஃபேலில் ஒருவர் இழுத்தால் இருவரையும் வெளியே அனுப்பும்படிதான் அமைப்பு. அன்றைக்கு அதில் ஒரு கோளாறு வந்ததால் விமானியின் இருக்கை கிளம்பவே இல்லை. மேல்கூரைக் கண்ணாடி போன விமானத்தை, முகத்தில் காயத்தோடு, பத்திரமாக இறக்கினார் அந்த விமானி. இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். 2010-இல் தென்னாப்பிரிக்க விமானப்படையின் சாகசக் குழு விமானம் ஒன்றிலும் பின் சீட்டு விருந்தாளி இதே மாதிரி தவறான பிடியைப் பற்றி வெளியே போயிருக்கிறார்.

பிரெஞ்சு விசாரணை அறிக்கை பட்டை, ஹெல்மெட், மருத்துவரின் நிபந்தனை என்று பல ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. எனக்கு அவை எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்தவையாகத்தான் தெரிகின்றன. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று மூடி வைத்ததால் மருத்துவப் பரிசோதனை கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போனது. அவரும் எதையும் யோசித்துக் கேள்வி கேட்க நேரமில்லாமல் போனது. இன்னொன்றும் உண்டு. சகாக்கள் சுற்றி நின்று கேமராவும் கையுமாகச் சிரிக்கும்போது ‘எனக்குப் பயமாக இருக்கிறது, வேண்டாம்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? விமானப்படையில் இருந்தபோது பின் சீட்டு விருந்தாளிகளுக்குப் பட்டை மாட்டிவிடுவது என் வேலையில் ஒரு பகுதி. ஏணியில் கால் வைக்கும்வரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதர்கள், தோள் பட்டையை இழுத்துப் பூட்டியதும் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவும் மகன் செலவழித்த காசை நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் ஏறிவிடுவார். நம் ஊர் அப்பாக்கள் அப்படித்தான்.

கலாம் கதை வேறு. அவர் இளமையில் விமானப்படை விமானியாக விரும்பி, தேர்வில் இடம் கிடைக்காமல் போனவர். 2006 ஜூன் 8 அன்று புனேவின் லோகேகாவ் தளத்திலிருந்து சுகோய்-30 எம்கேஐ-யில் அரை மணி நேரத்துக்கும் மேல் பறந்தார். அது அவர் தெரிந்தே, விரும்பியே போனது. பின்னால் ஒரு விமானப்படையே தயாராகி நின்றது. 2009-இல் பிரதீபா பாட்டீலும் 2023-இல் திரௌபதி முர்முவும் சுகோயில் போனதும் அப்படியே. வயதைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இவர்களே பதில். ஆனால் ஏற்பாட்டை உங்களுடையதோடு ஒப்பிட முடியாது.

சரி, பணம் கட்டினால் எதில் பறக்கலாம்? ரஃபேலில் முடியாது. நம் விமானப்படையிலும் டிக்கெட் கிடையாது. குடியரசுத் தலைவர், அமைச்சர், பெங்களூரு விமானக் கண்காட்சியில் 2019-இல் தேஜஸில் ஏறிய பி.வி. சிந்து போன்ற அழைக்கப்பட்ட விருந்தினர், அவ்வளவுதான். ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கோரத் தொழிற்சாலையிலிருந்து மிக்-29-இல் காசு கொடுத்துப் போன காலம் ஒன்று இருந்தது, இப்போது அதை மறந்துவிடுங்கள். ஐரோப்பாவில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் எல்-39 அல்பட்ராஸ். செக்கோஸ்லோவாக்கியாவில் உருவாகி 1968-இல் முதலில் பறந்த பயிற்சி ஜெட். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். மணிக்குச் சுமார் 750 கி.மீ. வரை போகும். சுத்தமான ‘போர் விமானம்’ இல்லைதான். ஆனால் குட்டிக்கரணம் போடும்போது உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

உடம்பு என்றதும் மாத்திரைக்கு வருவோம். உட்கார்ந்திருக்கும்போது இதயத்துக்கும் தலைக்கும் இடையே ஏறக்குறைய 30 செ.மீ. உயரம். அவ்வளவு தூரம் ரத்தத்தை மேலே ஏற்ற சுமார் 22 மி.மீ. பாதரச அழுத்தம் செலவாகிறது. இது 1 ஜி-யில், அதாவது நாம் வீட்டில் சோபாவில் இருக்கும்போது. 4 ஜி-யில் அதுவே நான்கு மடங்காகி 88 ஆகிறது. இதயத்தில் 120 இருந்தால் தலைக்குப் போய்ச் சேருவது 32-தான். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் தாண்டித்தான் ரத்தம் விழித்திரைக்குப் போக வேண்டும் என்பதால் முதலில் பார்வை மங்கும். நிறம் வெளுக்கும், ஓரங்கள் இருளும். அதையும் தாண்டினால் நினைவு தப்பும். அப்படி ஆகாமல் இருக்க உடம்பு சில நொடிகளில் இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, ரத்தக் குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும். ரத்த அழுத்த மாத்திரைகளில் பல, குறிப்பாக பீட்டா பிளாக்கர் வகை, இந்தச் சமாளிப்பைத்தான் மட்டுப்படுத்துகின்றன. நீர் பிரியவைக்கும் மாத்திரையானால் உடம்பில் நீரும் குறையும்.

அதனால் என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதி ஊரிலேயே இதய மருத்துவரிடம் காட்டுங்கள். ‘விமானத்தில் போகிறார்’ என்று மொட்டையாகச் சொன்னால் ஏர் இந்தியா என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். ‘4 ஜி வரை வரும், தலைகீழாகவும் போகும்’ என்று சொல்லுங்கள். இசிஜி, டிரெட்மில் பரிசோதனையைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். கழுத்து, முதுகுத் தட்டு, குடலிறக்கம், சமீபத்தில் செய்த கண் அறுவை ஆகியவற்றையும் கேளுங்கள். தலையில் ஹெல்மெட்டோடு 4 ஜி என்றால் கழுத்து தாங்கும் எடையும் நான்கு மடங்கு. அன்றைக்குக் காலையில் அவராகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இந்தப் பழக்கம் நம் வீடுகளில் நிறைய உண்டு. நிறுத்துவதோ மாற்றுவதோ மருத்துவர் சொன்னால் மட்டும். மருத்துவர் ஒரு வரம்பு சொன்னால் அதைத் தாளில் எழுதி வாங்கி, அலுவலகத்தில் கொடுப்பதோடு நிற்காமல், ஓட்டப்போகும் விமானியின் கையிலேயே கொடுங்கள். செயின்ட்-டிசியேயில் விட்டுப்போனது அதுதான்.

நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, இருக்கை ‘ஹாட்’டா (வெடித்து வெளியேறக்கூடியதா), ‘கோல்ட்’டா (செயலிழக்க வைத்ததா) என்று. எல்-39-இல் எஜெக்‌ஷன் சீட் உண்டு. தனியார் கையில் இருக்கும் பல விமானங்களில் வெடிமருந்தை எடுத்துச் செயலிழக்க வைத்திருப்பார்கள். அப்படியானால் ஆபத்து நேரத்தில் எப்படி வெளியேறுவது, பாராசூட் தருவார்களா என்று கேளுங்கள். இயங்கும் இருக்கை என்றால் தவறுதலாக இயங்காமல் தடுக்கச் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசி (சேஃப்டி பின்) எப்போது எடுக்கப்படும், கைப்பிடி எங்கே இருக்கிறது என்று அப்பா தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், கையை எங்கே வைப்பது. தோள் பட்டைகளைப் பிடித்துக்கொள்ளலாம், அல்லது தொடைமேல் வைக்கலாம். விமானி என்ன சொல்கிறாரோ அது. தரையில் உட்காரவைத்து, ‘உடம்பு தூக்குகிறது’ என்று சொன்னவுடன் கை அந்த இடத்துக்குப் போகும்வரை பழகிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டையில் இடுப்புப் பட்டைதான் ராஜா. அதை முதலில், வயிற்றுமேல் இல்லாமல் இடுப்பெலும்பின்மேல் படும்படி இறக்கி, கொஞ்சம் வலிக்கிற அளவுக்கு இழுக்க வேண்டும். பிறகுதான் தோள் பட்டை. வரிசையை மாற்றினால் தோள் பட்டை இடுப்புப் பட்டையை மேலே இழுத்துவிடும். தொப்பை உள்ளவர்கள் மூச்சை விட்டுவிட்டு இறுக்க வேண்டும். உட்கார்ந்த சில நிமிடங்களில் எப்படியும் தளரும், மேல்கூரையை மூடும் முன் இன்னொரு முறை இழுக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் ஹெல்மெட்டின் தாடைப் பட்டை.

போன், சாவி, சில்லறை எதுவும் சட்டைப் பையில் இருக்கக் கூடாது. 2014-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானத்தில், விமானி பக்கத்தில் வைத்த கேமரா கட்டுப்பாட்டுக் கம்பில் சிக்கி, அவ்வளவு பெரிய விமானம் 4,400 அடி கீழே இறங்கியது. பின் சீட்டில் ஒரு போன் கழன்று ஓடினால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மொழியை யோசித்தீர்களா? விமானி பிரெஞ்சுக்காரராக இருப்பார். அப்பாவோடு ஆங்கிலத்தில் பேசக்கூடியவராகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். ‘போதும்’ என்றால் எந்தச் சொல், இன்டர்காம் வேலை செய்யாவிட்டால் என்ன சைகை என்று ஏறும் முன்பே பேசிவைக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் நேராகப் போய், அப்பா ‘சரி’ என்று சொன்ன பிறகே சுழற்சிகள் என்று விமானியிடம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஜி ஏறும் முன் விமானி குரல் கொடுக்கட்டும். அதைக் கேட்டதும் தொடை, வயிற்றுத் தசைகளை இறுக்கி மூச்சைப் பிடித்து, மூன்று நொடிக்கு ஒருமுறை சட்டென்று மாற்ற வேண்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே பழகலாம், இரண்டே நாளில் வந்துவிடும். ரத்த அழுத்தக்காரர் என்பதால் இதற்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

வெறும் வயிற்றில் போக வேண்டாம். இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ, இரண்டு மணி நேரம் முன்பு. தண்ணீர் தாராளமாக. முந்தின இரவு மது கூடாது. சளி, மூக்கடைப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள், காது தாங்காது. வாந்தி வந்தால் வரட்டும், பை கொடுப்பார்கள். பயிற்சி விமானிகளுக்கே வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, உங்கள் ஆசையை முழுக்கக் கெடுக்க எனக்கு மனமில்லை. வேண்டுமானால் பரிசை ஊரிலேயே, அவர் கிளம்ப இரண்டு மாதம் முன்பு ஒரு கடிதமாகக் கொடுங்கள். அசந்துபோவது அப்போதே நடந்துவிடும். மருத்துவரைப் பார்க்கவும், யோசிக்கவும், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு நேரம் இருக்கும். பிரிட்டனில் பழைய ராணுவ விமானங்களில் பணம் வாங்கி ஏற்றும்போது, ஆபத்துகளைப் படித்துப் புரிந்துகொண்டதாகப் பயணியே ஒப்புதல் தர வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போகும் இடத்திலும் ஏதாவது படிவம் நீட்டுவார்கள். ஓடுபாதையோரத்தில் வைத்து அப்பாவைக் கையெழுத்துப் போடவைக்காமல், முன்பே வாங்கி ஆங்கிலத்தில் படிக்கக் கொடுங்கள்.

முன்பணம் கட்டும்போது இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். பயணி மனம் மாறினாலோ மருத்துவர் தடுத்தாலோ எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பது ஒன்று. வானிலையால் ரத்தானால் வேறு தேதி எப்போது என்பது இன்னொன்று. மேகம் தாழ்ந்தால் அன்றைக்குப் பறப்பு இல்லை. அப்பாவின் ஷெங்கன் விசா முடியும் வாரத்தில் தேதி வாங்காமல், வந்து நேர வித்தியாசம் சரியான பத்தாம் நாள் வாக்கில் வாங்குங்கள். பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சாதாரண பாலிசிகள் இதை ஏற்பது அரிது, தனிக் காப்பீடு எடுக்க வேண்டிவரலாம்.